கெட் எண்டா வெறும் ‘பெறு’ மட்டும் இல்ல

ஓஎல் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இங்கிலிஷ்ல ‘கெட்’ எண்டா ‘பெறு’ எண்டு டக்கெண்டு பதில் வரும். கொப்பியிலயும் அப்பிடித்தான் இருக்கும், நடுவில கோடு அடிச்சு ஒரு பக்கம் இங்கிலிஷ், மற்றப் பக்கம் தமிழ். பதில் பிழை இல்ல. ஆனா அந்த ஒரு சொல்லை மட்டும் கையில வச்சுக்கொண்டு உப்புவெளி பீச் பக்கம் போய் வெள்ளைக்காரர் கதைக்கிறதைக் கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேளுங்க. ‘இட்ஸ் கெட்டிங் ஹொட்’ எண்டுவாங்க, அதில யார் எதைப் பெறுறாங்க? ‘ஹவ் டு வீ கெட் டு நிலாவெளி’ எண்டு ஓட்டோக்கார அண்ணனைக் கேப்பாங்க, நிலாவெளியைப் பெறுறது எப்பிடி? ‘ஐ டோன்ட் கெட் இட்’, ‘கெட் இன்’, ‘லெட்ஸ் கெட் கோயிங்’, ‘வீ கொட் லொஸ்ட்’, ஒண்டிலயும் பெறு உள்ளுக்கு வராது.

நான் திருமலையில, அதுதான் திருகோணமலையில, பின்னேரங்களில இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கிறன். ஸ்கூல் பிள்ளைகள் வருவாங்க, நிலாவெளிப் பக்கம் போட் ஓடுற அண்ணன்மார் சிலபேர் சீசன் தொடங்க முதல் வருவாங்க, கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செய்ற தம்பி தங்கச்சிமாரும் வருவாங்க. எல்லாரும் சிக்குப்படுற இடம் பெரிய பெரிய சொல் இல்ல, இந்தச் சின்னச் சொல்தான். கஷ்டமான சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருக்கும், பாடமாக்கினா முடிஞ்சுது. சின்னச் சொல்லுக்குத்தான் கருத்து வளர்ந்துகொண்டே போகும். ஒக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதியில 1989 ஆம் ஆண்டுப் பதிப்பில ஆக நீளமான பதிவு ‘செட்’ எண்ட சொல்லுக்கு, பிறகு திருத்தி எழுதேக்க ‘ரன்’ அதை முந்திட்டுது, அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 கருத்து எண்டு கணக்கு வந்தது. கெட்டும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 645 ஐயும் பாடமாக்க யாராலயும் ஏலாது, இங்கிலாந்தில பிறந்த பிள்ளையும் பாடமாக்கினது இல்ல. அப்ப அது எப்பிடிப் பிடிச்சுது? அதைத்தான் சொல்ல வாறன், அதுக்கான வழி நம்மட தமிழுக்குள்ளயே இருக்கு.

தமிழ்ல நமக்கு வந்து சேருற எதையும் நாம ‘எனக்கு’ எண்டுதான் தொடங்குவம். எனக்கு வேலை கிடைச்சுது. எனக்கு கோல் வந்துது. எனக்குக் காய்ச்சல் வந்துட்டுது. எனக்குக் கோவம் வந்துது. எனக்கு இப்பதான் விளங்கினது. இதில ஒண்டிலயும் ‘நான்’ இல்ல பாருங்க. வேலை வருது, காய்ச்சல் வருது, கோவம் வருது, எல்லாம் தானா நடந்து வந்து என்னட்டச் சேருது, நான் அந்த வசனத்தில ஒரு ஓரமா நிக்கிறன். இங்கிலிஷ் அப்பிடி விடாது. ஆளைப் பிடிச்சு ‘ஐ’ எண்டு முன்னுக்கு நிப்பாட்டிப் போட்டுப் பக்கத்தில கெட்டை வைக்கும், நடந்து முடிஞ்சது எண்டா அது ‘கொட்’ ஆகும். ஐ கொட் எ ஜொப். ஐ கொட் எ கோல். ஐ கொட் எ ஃபீவர். ஐ கொட் அங்கிரி. ஓ, நவ் ஐ கெட் இட். நாலஞ்சு விதமான தமிழ் வினை, கிடை, வா, விளங்கு எண்டு வேற வேறயா இருக்கிறது எல்லாம் அங்க ஒரே சொல்லுக்குள்ள போயிடும்.

பிள்ளைகள் ‘எ கோல் கேம் டு மீ’, ‘எ ஜொப் இஸ் கெட் டு மீ’ எண்டெல்லாம் எழுதுறது இதாலதான். அவங்க முட்டாள்தனமா எழுதல்ல. தமிழ்ல சரியா யோசிச்சு, அந்த யோசினையை அப்பிடியே சொல்லுக்குச் சொல்லு மாத்தி இருக்கிறாங்க, அவ்வளவுதான். அதுக்காக அந்தப் பிள்ளையை ஏசுறது எனக்குத் துண்டாப் பிடிக்காது. நான் செய்றது என்னெண்டா போர்ட்ல ‘எனக்கு’ எண்டு தொடங்குற வசனங்களா எழுதி, ஒவ்வொருத்தரா வந்து ‘எனக்கு’ஐ அழிச்சுப் போட்டு ‘ஐ’ எழுதச் சொல்லுவன், எழுதின உடனேயே அடுத்த சொல் என்னவா இருக்கோணும் எண்டு அவங்களுக்கே தெரியும்.

ஆனா எல்லா ‘எனக்கு’வும் கெட் ஆகாது, இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு யோசிக்கோணும். ‘எனக்குத் தெரியும்’ எண்டா ஐ நோ. ‘எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு’ எண்டா ஐ ஹேவ் எ சிஸ்டர். இதில கெட் வராது, ஏனெண்டா இதில ஒண்டும் மாறல்ல, ஏற்கனவே இருக்கிற நிலை. ஆனா ‘எனக்குத் தெரிய வந்தது’ எண்டு சொல்லிப் பாருங்க, அது ஐ கொட் டு நோ. நேற்றுத் தெரியாது, இண்டைக்குத் தெரியும். இல்லாததில இருந்து இருக்கிறதுக்கு, அங்க இருந்து இங்க, ஒரு நிலையில இருந்து இன்னொரு நிலைக்குப் போய்ச் சேருற அந்த இடத்திலதான் கெட் நிக்கும். ‘ஷி இஸ் மெரிட்’ எண்டா அவ கலியாணம் முடிச்சவ, அவ்வளவுதான். ‘ஷி கொட் மெரிட் இன் ஓகஸ்ட்’ எண்டா ஓகஸ்ட்ல கலியாணம் நடந்தது. முதலாவது நிலை, ரெண்டாவது நடந்த சம்பவம். எனக்குத் தெரிஞ்ச மட்டில கெட்டின்ர உயிரே இந்த மாற்றம்தான், காசு கிடைக்கிறதும் மாற்றம், நனையிறதும் மாற்றம், போய்ச் சேருறதும் மாற்றம், விளங்கிறதும் மாற்றம்.

போட் ஓடுற அண்ணன்மாருக்கு இதைக் கடலை வச்சுச் சொன்னா உடனே பிடிச்சுக்கொள்ளுவாங்க. ‘த சீ இஸ் ரஃப்’ எண்டா கடல் அடிச்சுக்கொண்டு இருக்கு, போட்டே இறக்க மாட்டம். ‘த சீ இஸ் கெட்டிங் ரஃப்’ எண்டா இப்ப பரவாயில்ல ஆனா மாறிக்கொண்டு வருது. நிலாவெளிக்கு முன்னால கடலுக்குள்ள இருக்கிற புறாமலையில ஸ்நோர்க்கல் போட்டுக்கொண்டு தண்ணிக்குள்ள தலையைக் குடுத்துக்கொண்டு இருக்கிற ஆக்களைக் கூப்பிட்டு போட்ல ஏத்திறதுக்குச் சொல்லவேண்டிய வசனம் இந்த ரெண்டாவதுதான், முதலாவதைச் சொன்னா அவங்க சுத்திவரப் பாத்துப் போட்டு ‘இல்லையே, நல்லாத்தானே இருக்கு’ எண்டு திரும்பவும் கவுண்டு படுத்திடுவாங்க. இந்த ‘கெட்டிங்’ எண்ட ஒரு சொல்லுக்குள்ள எச்சரிக்கை இருக்கு. இட்ஸ் கெட்டிங் லேட், இட்ஸ் கெட்டிங் டார்க், த விண்ட் இஸ் கெட்டிங் ஸ்ட்ரோங், எல்லாம் அப்பிடித்தான், இன்னும் முழுசா வரல்ல, வந்துகொண்டு இருக்கு, வெளிக்கிடுங்க எண்டு அர்த்தம்.

நம்மட தமிழ்ல இந்த மாற்றத்துக்கு ‘போ’ வரும். நனைஞ்சு போனன், களைச்சுப் போனன், வாடிப் போச்சு, வயசு போச்சு. இங்கிலிஷ்லயும் ‘கோ’ இருக்குத்தான், மில்க் கோஸ் பேட், ஹி வென்ட் ப்ளைண்ட் எண்டு கெட்டுப்போற, திரும்பி வர ஏலாத மாற்றங்களுக்கு அதிகமா அது வரும். நனையிறது களைக்கிறது பசிக்கிறது எல்லாம் கெட்.

இனி வாறது எனக்கு ஆகப் பிடிச்ச இடம்.

தமிழ்ல ‘படு’ எண்டு ஒரு சொல் இருக்கு. படுத்திருக்கிற படு இல்ல, ஒரு சொல்லுக்குப் பின்னால வந்து ஒட்டுற படு. அடிபட்டான், பிடிபட்டான், அகப்பட்டான், மாட்டுப்பட்டான், வெட்டுப்பட்டுது. ஸ்கூல்ல செயப்பாட்டுவினை எண்டு படிப்பிக்கேக்க ‘இராமனால் கொல்லப்பட்டான்’ எண்டுதான் உதாரணம் தருவாங்க, வீட்டில யாரும் அப்பிடிக் கதைக்கிறது இல்ல. வீட்டில கதைக்கிறது ‘சைக்கிள்ல போகேக்க அடிபட்டுட்டான்’. இங்கிலிஷ்லயும் அச்சொட்டா இதே மாதிரி ரெண்டு இருக்கு. ‘ஹி வாஸ் ஹிட் பை எ கார்’ எண்டு பேப்பர்ல எழுதுவாங்க, பக்கத்து வீட்டுக்காரர் ‘ஹி கொட் ஹிட்’ எண்டு சொல்லுவார். அந்த ‘கொட்’க்குள்ள எதிர்பாராம நடந்தது எண்ட ஒரு தொனி, ஐயோ பாவம் எண்ட ஒரு தொனி கிடக்கு. நம்மட ‘பட்டுட்டான்’க்குள்ளயும் அதேதான் கிடக்கு. கொட் கோட் எண்டா பிடிபட்டான். கொட் பர்ன்ட் எண்டா சுடுபட்டுட்டுது. கொட் ஸ்டக் எண்டா சிக்குப்பட்டுட்டுது. கொட் ஹேர்ட் எண்டா காயப்பட்டுட்டான். ரெண்டு மொழியும் எங்க எங்கயோ பிறந்து வளர்ந்தது, ஒண்டுக்கொண்டு சொந்தமும் இல்ல, ஆனா மனுசனுக்கு அடிபடுற வலி ஒண்டு எண்டபடியாலோ என்னவோ ரெண்டும் ஒரே மாதிரி வழி தேடி இருக்கு.

இன்னும் இருக்கு. ‘கள்ளன் பிடிபட்டான்’ எண்டுறம். ‘இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடல்ல’ எண்டும் சொல்லுறம். முதலாவது ஹி கொட் கோட், ரெண்டாவது ஐ டோன்ட் கெட் இட். விளங்காத ஒண்டு கைக்குள்ள வந்து அம்பிடுறதை நாமளும் பிடிபடுறது எண்டுறம், அவங்களும் கெட் எண்டுறாங்க. பொழுதுபட்டுட்டுது எண்டு அம்மம்மா சொல்லுவா, அது இட்ஸ் கொட் டார்க். வெக்கப்பட்டான், கோவப்பட்டான், ஆசைப்பட்டான் எண்டு மனசுக்குள்ள வாறதுக்கும் படு. இதை ஒருநாள் ஏஎல் படிக்கிற பிள்ளை ஒண்டுக்குச் சொல்ல அவ ‘டீச்சர், அப்ப நாங்க கெட்டை ஏற்கனவே படிச்சிட்டம்தானே’ எண்டாள், அதுக்கு மேல நான் என்ன சொல்லிக் குடுக்கிறது.

இந்தச் சொல் இங்கிலிஷ்க்குள்ள வந்த கதையும் துறைமுகத்தில வளர்ந்த ஆக்களுக்குப் பிடிக்கும். கெட் இங்கிலிஷ்காரற்ர சொந்தச் சொல் இல்ல, அது வைக்கிங் ஆக்கள் கொண்டுவந்தது. 8 ஆம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து நோர்வே, டென்மார்க் பக்கத்தால கப்பல்ல வந்து முதல் கொள்ளை அடிச்சு, பிறகு இங்கிலாந்தின்ர வடக்கிலயும் கிழக்கிலயும் குடியேறி, அங்கயே கலியாணமும் முடிச்சுப் பிள்ளை குட்டியோட இருந்திட்டாங்க. அவங்கட பாசையில ‘கெத்தா’ மாதிரி ஒரு சொல், அதுதான் கெட். பழைய இங்கிலிஷ்லயும் அதுக்கு ஒரு அக்கா தங்கச்சி இருந்தது, ஆனா தனிய வாறது குறைவு, வேற சொல்லோட ஒட்டித்தான் வரும், அதோட ‘க’ சத்தம் இல்லாம ‘ய’ மாதிரிச் சத்தம். ஃபொர்கெட் எண்ட சொல் அங்க இருந்து வந்ததுதான், கையில கிடைச்சது நழுவிப் போற மாதிரி மனசில இருந்து நழுவிப் போறது. இப்ப நாம அதைக் ‘கெட்’ எண்டு அழுத்திச் சொல்றம் எண்டா அது வைக்கிங் வாய்ச் சத்தம். தே, டேக், எக், ஸ்கை, விண்டோ, இதெல்லாமும் அதே கப்பல்ல வந்த சொல்லுகள். நம்மட வீட்டில கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனது, கந்தோர் ஒல்லாந்தர் விட்டுட்டுப் போனது. கோட்டையைப் பிடிச்சவங்க எல்லாம் போயிட்டாங்க, சொல்லு மட்டும் குசினி வரைக்கும் வந்து குந்தி இருக்கு. அங்கயும் அதேதான் நடந்திருக்கு.

கோட்டை எண்டவுடன ஞாபகம் வருது, டூரிஸ்ட் ஆக்கள் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகேக்க வழியில இருக்கிற ஃபோர்ட் ஃப்ரெட்ரிக் கோட்டைக்குள்ள மானைப் பாத்து ஃபோட்டோ எடுத்துப் போட்டு அடுத்ததாக் கேக்கிற கேள்வி ‘ஹவ் டிட் த ஃபோர்ட் கெட் இட்ஸ் நேம்’. அந்தப் பேர் எப்பிடி வந்தது எண்டு. இங்கயும் பாருங்க, தமிழ்ல பேர் வந்தது, இங்கிலிஷ்ல கோட்டை பேரைக் கெட் பண்ணுது. பதில், ‘இட் கொட் இட்ஸ் நேம் ஃப்ரொம் ஃப்ரெட்ரிக், ட்யூக் ஒஃப் யோர்க்’. பிரித்தானியர் 1795 இல திருமலையைப் பிடிச்ச பிறகு தங்கட அரச குடும்பத்து ஆளின்ர பேரை வச்சது. கைட் வேலை பாக்கிற தம்பிமார் இந்த ஒரு வசனத்தைச் சரளமாச் சொன்னா அதுக்குப் பிறகு வாறதை எல்லாம் ஆக்கள் மரியாதையாக் கேப்பாங்க, நான் அதைக் கண்ணால பாத்திருக்கிறன்.

கெட்டும் இடமும் சேந்து வந்தா போய்ச் சேருறது. வென் டு வீ கெட் தெயர்? எத்தனை மணிக்குப் போய்ச் சேருவம்? ஐ கொட் ஹோம் லேட், வீட்ட வந்து சேரப் பிந்திட்டுது. இதில ‘ஹோம்’க்கும் ‘தெயர்’க்கும் முன்னால ‘டு’ வராது, ஊர்ப் பேருக்கு முன்னால வரும், கெட் டு மூதூர், கெட் டு கிண்ணியா. ‘கோ டு’ எண்டும் கேக்கலாம்தானே, ஏன் கெட்? கோ எண்டா கிளம்பிப் போறது, கெட் எண்டா போய்ச் சேருறது. ஹவ் டு ஐ கெட் டு கன்னியா எண்டு கேக்கிற ஆளுக்கு வெந்நீர்க் கிணத்தடியில காலை வைக்கும் மட்டும் என்ன என்ன செய்யோணும் எண்டு முழுசாச் சொல்லோணும், பஸ் நம்பரை மட்டும் சொல்லிட்டுத் திரும்பினா அது பாதிப் பதில்தான்.

ஏறுறது இறங்கிறதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. எழும்பி நிண்டு நடக்கக் கூடிய வாகனம் எண்டா ஒன், ஓஃப். கெட் ஒன் த பஸ், கெட் ஓஃப் த ட்ரெய்ன். பெரிய கப்பல், ப்ளேன் எல்லாம் இதுக்குள்ள வரும். குனிஞ்சு உள்ளுக்குப் போய்க் குந்துற வாகனம் எண்டா இன், அவுட் ஒஃப். கெட் இன் த கார், கெட் அவுட் ஒஃப் த வேன், ஓட்டோவும் அப்பிடித்தான். சைக்கிள், மோட்டர்சைக்கிள் மேல ஏறிக் காலைப் போட்டு இருக்கிறதால திரும்ப ஒன், ஓஃப். நிலாவெளியில ஓடுற சின்ன ஃபைபர் போட்டுக்கு கெட் இன். ஆனா ‘கெட் இன்’ எண்டு மொட்டையாச் சொன்னா பொலிஸ்காரன் ஜீப்பில ஏத்துற மாதிரி இருக்கும், ‘ப்ளீஸ், கெட் இன், வாட்ச் யுவர் ஸ்டெப்’ எண்டு சிரிச்ச முகத்தோட சொன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. ‘கெட் அவுட்’ அதை விட மோசம், இறங்கச் சொல்லேக்க ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ எண்டு சொல்லுங்க, அந்த ‘யூ கேன்’ல எல்லா மரியாதையும் வந்திடும்.

இதில ‘கெட் டவுன்’ஐப் பற்றிக் கட்டாயம் சொல்லோணும். இலங்கையில நாம பஸ்ஸால இறங்கிறதுக்கு கெட் டவுன் எண்டுதான் சொல்றம், ‘ஐ வில் கெட் டவுன் அட் ஹபரண’. இந்தியாவிலயும் அப்பிடித்தான். லண்டன்காரன் கெட் ஓஃப் எண்டுவான், அவனுக்கு கெட் டவுன் எண்டா மரத்தால, ஏணியால, கூரையால இறங்கிறது, இல்லாட்டி குனிஞ்சு படு எண்டு கத்திறது. ‘டோன்ட் லெட் இட் கெட் யூ டவுன்’ எண்டா அதால மனம் சோராத எண்டு ஆறுதல். சில சேர்மார் நம்மட கெட் டவுன் பிழை எண்டு சிவப்பு மையால வெட்டுவாங்க, எனக்கு அதில உடன்பாடு இல்ல. ஒரு நாடு முழுக்க ஒருத்தருக்கொருத்தர் விளங்கிக் கதைக்கிற ஒண்டு எப்பிடிப் பிழையாகும்? அது நம்மட ஊர் இங்கிலிஷ். வெளியால இருந்து வந்த ஆளோட கதைக்கேக்க கெட் ஓஃப், நமக்குள்ள கெட் டவுன், ரெண்டும் தெரிஞ்சிருந்தா நல்லது.

நம்மட ஆக்களிட்ட கெட் டவுன்க்கு இன்னொரு கருத்தும் இருக்கு, இது வெளிநாட்டு ஆக்களுக்குத் துண்டா விளங்காது. ‘வீ கொட் டவுன் த எஞ்சின் ஃப்ரொம் கொழும்பு.’ எஞ்சினைக் கொழும்பால எடுப்பிச்சம் எண்டு அர்த்தம். சாமான் இறக்கிறது எண்டு கடைக்காரர் சொல்லுவாங்கதானே, கொழும்பால சீமெந்து இறக்கினம், பெயிண்ட் இறக்கினம் எண்டு, அந்த இறக்கலும் இந்த டவுனும் பக்கத்தில பக்கத்தில நிக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரருக்கு இதைச் சொல்றதெண்டா ‘வீ கொட் இட் சென்ட் ஃப்ரொம் கொழும்பு’ எண்டா போதும்.

அந்த ‘எடுப்பிச்சம்’ல இருக்கிற ‘பிச்ச’தான் அடுத்த விசயம். செய்விச்சன், தைப்பிச்சன், கட்டுவிச்சன் எண்டு இன்னொருத்தரைக் கொண்டு செய்விக்கிறதுக்கு நம்மட பேச்சில ஒரு அருமையான வடிவம் இருக்கு, நான் செய்யல்ல, ஆனா செய்விச்சது நான். இங்கிலிஷ்ல இதுக்கு கெட். ஐ கொட் எ ஷேர்ட் ஸ்டிச்ட், சேட் ஒண்டு தைப்பிச்சன். ஐ கொட் த நெட் மென்டட், வலையைத் திருத்துவிச்சன். சாமான் நடுவில, செய்த வேலை கடைசியில, அதுவும் மூண்டாவது வடிவத்தில, ஸ்டிச்ட், மென்டட், ரிப்பெயர்ட் எண்டு வரோணும். தலைமயிர் விசயத்தில நாம தமிழ்ல ‘தலைமயிர் வெட்டினன்’ எண்டு சொன்னாலும் சலூன்ல வெட்டினது எண்டு எல்லாருக்கும் தெரியும், இங்கிலிஷ்ல ‘ஐ கொட் மை ஹெயர் கட்’ எண்டாத்தான் அது தெளிவா விளங்கும்.

ஆளைச் சொல்லோணும் எண்டா ‘ஐ கொட் ஹிம் டு கம்’. இதில ‘டு’ கட்டாயம். ‘ஐ மேட் ஹிம் கம்’ எண்டும் சொல்லலாம், அதில டு இல்ல, ஆனா அது வற்புறுத்தி வரப்பண்ணினது. கெட் எண்டா கெஞ்சியோ கொஞ்சியோ நாலு தரம் கோல் எடுத்தோ ஒரு மாதிரி வரப்பண்ணினது. மேசன்மாரோட வேலை வாங்கின எல்லாருக்கும் இந்த வித்தியாசம் அனுபவத்தில தெரியும். நாம வழமையாச் சொல்ற ‘ஐ கொட் இட் டன் ஃப்ரொம் ஹிம்’, அவரைக் கொண்டு செய்விச்சன் எண்டது, இலங்கைக்கு உள்ளுக்கு ஓடும், வெளியால ‘ஐ கொட் ஹிம் டு டு இட்’ எண்டு மாத்திச் சொல்லுங்க.

பிள்ளைகள் ஆகக் குழம்புறது ‘கொட் டு’வில. ‘ஐ கொட் டு சீ எ ப்ளூ வேல்’ எண்டா நீலத்திமிங்கிலம் பாக்கச் சந்தர்ப்பம் கிடைச்சுது, சந்தோசமான செய்தி. ‘ஐ ஹேவ் கொட் டு கோ’ எண்டா நான் போயே ஆகோணும், கட்டாயம். அந்த ‘ஹேவ்’ பேச்சில தேஞ்சு தேஞ்சு ‘வ்’ மட்டும்தான் மிஞ்சும், சில நேரம் அதுவும் கேக்காது, ‘கொட்டா’ எண்டு மட்டும்தான் காதில விழும். அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பின்னால வாற விசயத்தை வச்சுத்தான். நேற்று நடந்து முடிஞ்சதைச் சொல்றாங்களா, இனிச் செய்யவேண்டியதைச் சொல்றாங்களா எண்டு பாத்தா போதும். ‘ஐ ஹேவ் கொட் டூ ப்ரதர்ஸ்’ எண்டா எனக்கு ரெண்டு அண்ணன் தம்பி இருக்கு, இதில ‘கிடைச்சது’ எண்ட கதையே இல்ல, ஹேவ் மட்டும் போட்டாலும் அதே கருத்துத்தான். அமெரிக்காக்காரர் வாங்கினது, ஆனது எண்ட கருத்தில வந்தா ‘கொட்டன்’ எண்டுவாங்க, குளிரா வந்துட்டுது எண்டதுக்கு ‘இட் ஹேஸ் கொட்டன் கோல்ட்’ எண்டு. அது புதுசா அவங்க உண்டாக்கினது இல்ல, இங்கிலாந்தில இருந்து கப்பல் ஏறிப்போன பழைய வடிவம், இங்கிலாந்தில பிறகு அநேகமாக் கைவிட்டுட்டாங்க, அமெரிக்காவில தங்கிட்டுது. நம்மட ஸ்கூல் புத்தகத்தில கெட், கொட், கொட்தான், பிள்ளைகள் அதையே எழுதினா காணும்.

கெட் அப், வேக் அப் குழப்பமும் சின்ன வகுப்பில இருந்தே தொடருது. முழிக்கிறது வேக் அப், எழும்பிறது கெட் அப். முழிச்சுக்கொண்டு போனைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிற நேரம் முழுக்க இது ரெண்டுக்கும் நடுவில. கெட் ரெடி, கெட் ட்ரெஸ்ட் எண்டதுக்கு நம்மட ‘வெளிக்கிடு’ மாதிரி ஒரு சொல் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல, ‘வெளிக்கிட்டாச்சா?’ எண்டா உடுத்தாச்சா, தயாரா, கிளம்பலாமா மூண்டும் ஒரே கேள்வியில. கெட் ஓவர், கெட் பை, கெட் எலோங், கெட் எவே வித் எண்டு வாற சோடிச் சொல்லுகளைப் பட்டியல் போட்டுப் பாடமாக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்றது இல்ல. ஒரு வசனத்தில சந்திச்சா அந்த வசனத்தோடயே எழுதி வைங்க, வசனம் இல்லாத சொல் ஒரு கிழமைக்கு மேல தங்காது.

கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செய்ற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வசனம்தான் ஆகப் பிரயோசனம், ‘கேன் ஐ கெட் யூ எனிதிங் எல்ஸ்?’ வேற ஏதும் கொண்டந்து தரட்டா எண்டு. இங்க கெட் எண்டா போய் எடுத்துக்கொண்டு வந்து குடுக்கிறது. ஆக்கள் ‘குட் யூ கெட் அஸ் எ டுக் டுக்’ எண்டு கேட்டா ஓட்டோ ஒண்டு பிடிச்சுத் தாறீங்களா எண்டு. ஒரு தங்கச்சி இதுக்கு ‘நோ, வீ டோன்ட் செல்’ எண்டு பதில் சொல்லி இருக்கிறா, கெட் எண்டா வாங்கிறது எண்டு படிச்சதால வந்தது, பெரிய விசயம் இல்ல, ரெண்டு பேரும் கையால காட்டிச் சமாளிச்சிருக்கிறாங்க. இப்ப அவ ரோட்டில இறங்கி ஓட்டோவை மறிச்சுப் போட்டுத் திரும்பி வந்து ‘ஐ கொட் யூ வன்’ எண்டு சொல்றா, அதுவும் சரியான இடத்தில சரியான கெட்.

கடிதம் எழுதேக்க மட்டும் கொஞ்சம் கவனம். கந்தோருக்கு, பேங்க்குக்கு, வேலை விண்ணப்பத்துக்கு எழுதுற இடத்தில ‘ஐ கொட் யுவர் லெட்டர்’ எண்டு போடாதீங்க, ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’. சேர்டிஃபிகேட் எடுத்ததுக்கு ‘ஒப்டெய்ன்ட்’, போய்ச் சேந்ததுக்கு ‘அரைவ்ட்’, ஆனதுக்கு ‘பிகேம்’. அந்த இடத்திலதான் கொப்பியில எழுதின ‘பெறு’, ‘பெற்றுக்கொண்டேன்’ எல்லாம் சரியாப் பொருந்தும், ஏனெண்டா ‘பெற்றுக்கொண்டேன்’ எண்டு நாமளும் கடிதத்திலதான் எழுதுவம், வாயால யாரும் சொல்ல மாட்டம். வாட்ஸப்பில ஃப்ரெண்டுக்கு ‘ஐ ரிசீவ்ட் யுவர் மெசேஜ்’ எண்டு அனுப்பினா ஏதோ கோவமா எண்டு நினைப்பாங்க, அங்க ‘கொட் இட்’ எண்டு ரெண்டு சொல் போதும்.